கோரிமேட்டுக்கு அந்தப்பக்கம் வெளிநாடு

உலகத்தில் கோடிக்கணக்கான பேர் வெளிநாட்டுக்குப் போகாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். அதற்காக அவர்கள் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடுவதில்லை. வெளிநாட்டுக்குப் போகாமல் இருப்பதற்காக வருஷம் முழுக்க மாடாய் உழைத்தவர் என்று நான் பார்த்தது சாக்பீஸ் முசியே ஒருவரைத்தான்.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு தெருவில், அவர் வீட்டு மாடி அறையில் சில வருஷம் குடியிருந்தேன். அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிற வேலை எனக்கு. நல்ல காற்றோட்டமான அறை ஏன் இத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஊரைச் சுற்றிச் சுங்கச்சாவடிகள் இருந்தன. துவான் என்பார்கள், அதன் உத்தியோகஸ்தரை முசியே, அதாவது ஐயா என்பார்கள். கோரிமேட்டுத் துவானில் இவருக்குச் சோதனை உத்தியோகம். இந்தப்பக்கம் பிரான்ஸ், அந்தப்பக்கம் இந்தியா. திண்டிவனம் போகிற பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி வரிசையில் நின்று பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். இவர் முழங்கை வரை உள்ளே விட்டுக் கிளறுவார். பிறகு மூடச் சொல்லி, மேலே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறி இல்லாமல் ஒரு தூக்குச்சட்டிகூட எல்லை தாண்ட முடியாது.

ஐம்பத்துநாலில் ஆட்சி கைமாறியது. துவானைத் தூக்கிவிட்டு, இவரை ஏதோ ஒரு ஆபீஸின் மூலையில் உட்கார வைத்தார்கள். துவான் போயிற்றே தவிர சாக்பீஸ் போகவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும். பையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கறை, எத்தனை வெளுத்தாலும் போகாது.

எல்லை இல்லாத மனிதர் என்ன செய்வார்? வீட்டு வாசற்படியை எல்லையாக்கிக்கொண்டார். கீரைக்காரி கூடையை இறக்கிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வரலாம். அரிசி மூட்டைக்குக் குறி, விறகுக் கட்டுக்குக் குறி. என் சாப்பாட்டு அடுக்கைத் தினமும் காலையில் திறந்து பார்ப்பார். "இன்னா தம்பி, இன்னிக்கும் கத்திரிக்காதானா?" என்று என்மேல் பரிதாபப்பட்டுவிட்டு மூடியில் குறி போடுவார். அச்சுக்கூடத்தில் அந்தக் குறியைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. இந்த மனிதரிடம் மாட்டிக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

அவருக்கு ஒரே பெண், அமுதா. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்த அன்றைக்கே, கோடை லீவில் அவளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். நாலு நாள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவுதான். அவளும் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலில் பாரீஸ். ஆபீஸில் அவருக்குக் கிடைக்கிற லீவோ மூன்று வாரம். கப்பல் போய்ச் சேரவே அவ்வளவு நாள் ஆகும் என்றேன். அதனால் என்ன, போய் இறங்கியதும் அதே கப்பலில் திரும்பிவிடலாம் என்றார். அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தைப் பார்க்க வேண்டாமா என்று குழந்தை கேட்டாள். கப்பலிலிருந்தே தெரியும் என்றார். கப்பல் நிற்கிற ஊருக்கும் பாரீசுக்கும் நடுவில் ஒரு ராத்திரி ரயில் ஓடுகிறது என்பது சாக்பீஸ் முசியேவுக்குத் தெரியாது. உடம்பு குளிருக்குப் பழகட்டும் என்று சிவப்பில் ஒரு கம்பளிக் கோட்டுத் தைத்து, அக்கினி நட்சத்திரத்தில் அதைப் போட்டுக் குழந்தையைக் கடற்கரையில் நடக்கவிட்டார். உடம்பெல்லாம் வேர்க்குரு வந்து அவள் துடித்த பிறகு, அவர் மனைவி கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் அடியில் போட்டு, பாரீஸ் திட்டத்தையும் அதோடு சேர்த்து மூடினாள். அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த வீட்டில் மூளை என்று ஒன்று இருந்தது அவளிடம்தான்.

அடுத்தது சைகோன். அங்கேயும் பிரெஞ்சுக்காரன் ஆட்சி முடிந்து, நம் ஊர்க்காரர்கள் எல்லாம் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து இவர் அங்கே சுற்றுலாப் போகக் கிளம்பினார். திரும்பி வந்தவர்களைத் தேடிப் போய்ப் பார்த்து, ஊர் எப்படி, குழந்தை பார்க்க என்ன இருக்கிறது என்று விசாரித்தார். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று அவர் வீட்டில் சொல்லவே இல்லை. திட்டம் மட்டும் சத்தமில்லாமல் கொழும்புக்கு மாறியது.

கொழும்பு நடக்கக்கூடிய காரியம். ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து ஒரு எட்டு. ஆனால் எந்தப் பாஸ்போர்ட்டில் போவது என்று கேள்வி கிளப்பினார். ஊரை ஆள்வது இந்தியா. ஆனால் சட்டப்படி ஒப்படைக்கும் கையெழுத்து இன்னும் முடியவில்லை, அதனால் காகிதத்தில் இது பிரான்ஸ். தெருவில் மற்றவர்கள் இதையெல்லாம் தலையில் போட்டுக்கொள்ளாமல் போய் வந்துகொண்டிருந்தார்கள். இவருக்கு மட்டும் அது முடியவில்லை. காகிதம் சந்தேகமான ஆளை எத்தனையோ தடவை இவரே எல்லையில் திருப்பி அனுப்பியிருக்கிறாராம்.

கடைசியில் கூடத்தில் ஒத்திகை வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரியாகக் கேள்வி கேட்பார். எழுந்து வந்து எதிரே நின்று பயணியாகப் பதில் சொல்வார். மறுபடி போய் உட்கார்ந்து அந்தப் பதிலை நம்ப மறுப்பார். அமுதா பெட்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளை விட்டுவிட்டார். தன்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு கோடையிலும் இதே ஒத்திகை, இதே தீர்ப்பு. மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, எழுந்து போய்த் தூணில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

சிரித்துவிட்டுப் போக வேண்டிய விஷயம்தான், அந்தப் பெண் மட்டும் இல்லாவிட்டால். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு ஒவ்வொரு வருஷமும் கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். "இன்னாடி, கப்பல் வந்துச்சா?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள், மீதிப் பேர் கப்பல் மாதிரி ஊதுவார்கள். அன்று சாயங்காலம் அமுதா நேரே கொல்லைக்குப் போய்விடுவாள். அக்கா போய்க் கூப்பிட்டால்தான் வருவாள்.

அறுபத்திரண்டு கோடையில், பிரான்சில் பேச்சு முடிந்துவிட்டது, கையெழுத்து சீக்கிரம் மாறிவிடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. முசியே வழக்கம்போல நாற்காலியைக் கூடத்தின் நடுவே இழுத்துப் போட்டார். அமுதா பெட்டியை எடுத்து வரவில்லை.

"இந்த வருசம் எங்கியும் வேணாம்ப்பா. நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்.

மறுநாள் அந்த வீட்டுக்குள் ஒரு அரிசி மூட்டை சோதனை இல்லாமல் நுழைந்தது.

எனக்கு அப்போது மெட்ராசில் ஒரு பத்திரிகையில் வேலை கிடைத்திருந்தது. அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். முசியே மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பாஸ்போர்ட் என்று ஆரம்பித்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சட்டப்படி இது இன்னும் பிரான்சுதானே முசியே? அப்ப கோரிமேடு தாண்டினா வெளிநாடு. மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போங்க. எவன் பாஸ்போர்ட் கேக்கப்போறான்?"

உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன். மனிதர் சட்டைப் பையிலிருந்த சாக்பீஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சோதனை?" என்றார்.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்றேன்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து கீழே போய்விட்டார். என் விதி, நான் கிளம்பிய பஸ்ஸிலேயே குடும்பத்தோடு அவரும் ஏறினார். மெட்ராசில் அக்காவுக்கு உறவுக்காரர்கள் இருந்தார்கள். அங்கே தங்கி, கடற்கரை, மிருகக்காட்சிச்சாலை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். அமுதா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். யாராவது வகுப்புப் பிள்ளை பார்த்துவிடப்போகிறதே என்று பயம்.

கோரிமேட்டில் பஸ் நின்றது. மெட்ராஸ் பக்கம் மதுவிலக்கு. அதனால் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறி, பாட்டில் இருக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டு இறங்குவார்கள். முசியே அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு சோதனையா?" என்று சொல்லிவிட்டு, அமுதாவைக் கையில் பெட்டியோடு இறங்கச் சொன்னார். பழைய துவான் இருந்த இடத்தில் இப்போது டீக்கடை. அவரும் இறங்கி, அதன் பெஞ்சில் போய் உட்கார்ந்து பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார்.

பஸ் முழுக்கத் தலையை வெளியே நீட்டியது. அமுதா வெயிலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும், இந்த யோசனையைச் சொன்ன என் வாயை அங்கேயே தைத்துவிடலாம் போல இருந்தது.

அப்போது ஒரு கருவாட்டுக்காரம்மா பஸ்ஸிலிருந்து கூடையோடு இறங்கினாள். வேறு எதற்கோ என்று நினைத்தேன். நேரே போய் அமுதாவுக்குப் பின்னால் நின்றாள். அவள் பின்னால் ஒரு துணி வியாபாரி, மூட்டையோடு. பிறகு ஒரு கல்யாணக் கோஷ்டியே இறங்கியது. இந்த இடத்தில், இந்த மனிதர் உட்கார்ந்திருந்தால், இறங்கி வரிசையில் நிற்க வேண்டும் என்று அவர்கள் உடம்பில் ஊறிக் கிடந்தது. துவான் போய் எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்டக்டர் விசில் ஊதிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். "சீக்கிரம் பாரு முசியே, வெயில்ல கருவாடு கெட்டுப்பூடும்" என்றாள் அந்த அம்மா.

அமுதா திரும்பி, தனக்குப் பின்னால் நீண்ட வரிசையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அதுவரை குனிந்திருந்த தலை நிமிர்ந்தது.

சுங்கம் கட்டுகிற பொருள் ஏதாவது உண்டா என்று அவர் பிரெஞ்சில் கேட்டார். "ரியன், முசியே" என்றாள். ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கூடத்து ஒத்திகையில் வருஷக்கணக்காகச் சொன்ன பதில், குரல் பிசிறவில்லை. அவர் பெட்டியைத் திறந்து கையை விட்டார். அடியிலிருந்து சிவப்பாக ஏதோ வெளியே வந்தது. பாரீசுக்குத் தைத்த கம்பளிக் கோட்டு. அவளுக்கு இப்போது ஒரு கைகூட நுழையாது.

"இது எதுக்கும்மா?"

"வெளிநாடுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

அவர் அதை மடித்து உள்ளே வைக்க நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு குறி போட்டார்.

அப்புறம் எல்லோரையும் சோதித்தார். அக்காவின் புளியோதரைத் தூக்கைக்கூட விடவில்லை. நான் இறங்க மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். உங்களால்தான் பஸ் நிற்கிறது என்று கண்டக்டர் என்மேல் பாய்ந்ததால் இறங்கி, என் அழுக்கு வேட்டிகளை ஊர் பார்க்கக் காட்டினேன்.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். முசியே மட்டும் தன் பையைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார். அவர் பையில் குறி இல்லை. குறி இல்லாத பை எல்லை தாண்டக் கூடாது. வந்து ஏறித் தொலையுங்கள் என்று நான் கத்தினேன். மனிதர் நகரவில்லை. கூடத்தில் வருஷா வருஷம் நடந்ததுதான் இங்கேயும் நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

அமுதா இறங்கினாள். அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பிரெஞ்சில் கேட்டாள். "ரியன், மதமுவாசேல்" என்று அவர் பெரிய வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு பதில் சொன்னார். அவள் பையைத் திறந்து முழங்கை வரை கையை விட்டுக் கிளறினாள். மூடச் சொன்னாள். அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"போலாம்ப்பா" என்றாள்.

பஸ்ஸில் யாரோ கை தட்டினார்கள். நான் இல்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. மெட்ராஸ் ஒரு வெளிநாடா என்று பிள்ளைகள் சிரித்தார்களாம். நீங்கள் எல்லாம் சும்மா போய் வந்தவர்கள், நான் சோதனை முடித்துப் போனவள் என்று அமுதா சொல்லிவிட்டாளாம். அதற்குமேல் ஒருத்தியும் கப்பல் ஊதவில்லை என்று அக்கா சொல்லியனுப்பினாள். ஆகஸ்டில் கையெழுத்தும் மாறி, காகிதத்திலும் ஊர் இந்தியாவாகிவிட்டது. நல்லவேளை, வெளிநாடு தீர்ந்துபோவதற்குள் போய் வந்துவிட்டோம் என்று முசியே தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். இப்படி ஒரு பேத்தலை நீங்கள் எங்காவது கேட்டதுண்டா?

பத்திரிகை வேலையாக நான் பிறகு நிஜமான வெளிநாடுகளுக்கெல்லாம் போய்விட்டேன். விமான நிலையத்துச் சுங்கத்தில் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, திறக்க வேண்டாம், போங்கள் என்று கையை ஆட்டிவிடுகிறார்கள். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன். குறி இல்லாத வெற்று மூடியைப் பார்க்கும்போதுதான், இன்னும் எல்லை தாண்டவே இல்லையோ என்று இருக்கிறது.