மூன்று பேருக்கும் ஓம் சொன்ன கதை

இந்தக் கதையின் முக்கியமான பகுதி நடந்தபோது நான் வாவியின் மறுகரையில் நின்றேன். எங்கள் வீட்டுச் சமையலறையில், அதாவது குசினிக்குள், நடந்ததெல்லாம் மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மற்றவை நான் கண்ணால் கண்டவை. சிலவற்றை நானே செய்தேன். அவற்றைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஜனாதிபதித் தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு பெரிய முடிவெடுத்தேன். நல்லவர் யார் என்று ஊர் தேடட்டும். நான் வெல்லக்கூடியவரைக் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்து, அவர் பக்கம் பகிரங்கமாக நிற்பேன்.

காரணம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். மூன்று வருடமாக அரசாங்க நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். தோற்றவர் பக்கம் நின்றால் பட்டியலிலிருந்து என் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயம். அப்படி யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் பயந்தேன். அந்தப் பாடத்தில் எனக்கு முதல் வகுப்பு.

என் பெயர் உதயரூபன். குருக்கள்மடத்திலிருந்து வாவியைக் கடந்து பழுகாமத்துக்கு மாப்பிள்ளையாக வந்தவன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் வீடு மாறுவான். வீடு பெண்ணுடையது. ஆகவே எங்கள் வீட்டில் ஜனாதிபதி யார் என்று அறியத் தேர்தல் வைக்கத் தேவையில்லை. என் மனைவி மேனுகா தையல் மெசினில் இருந்தபடியே ஆட்சி நடத்துவாள். மாமி இரத்தினம்மா ஆளும் கட்சி. நான் எதிர்க்கட்சிகூட இல்லை. பார்வையாளர்.

சிக்கல் இப்படித் தொடங்கியது. ஊரில் மூன்று வேட்பாளர்களுக்கு ஆள் பிடித்தவர்கள் மூன்று பேர். ஊரார் போடியார் என்று கூப்பிடும் வயல்காரர் கந்தப்போடி ஒருவர். மேனுகாவுக்குத் துணி கொண்டுவரும் காத்தான்குடி வியாபாரி நிஸ்தார் நானா இன்னொருவர். மாதர் சங்கத்துப் புஸ்பம் அக்கா மூன்றாமவர். மூவருக்கும் வாக்களிப்பு நிலையத்தில் தங்கள் வேட்பாளர் சார்பில் இருக்க ஒரு முகவர் வேண்டும். எழுத்து வேலை தெரிந்தவன் வேண்டும். மூவரும் என்னையே பார்த்தார்கள்.

கணக்கெழுத நான் ஒரு கொப்பி வாங்கினேன். பெயரை எழுதினால் வில்லங்கம் என்று கந்தப்போடியின் ஆளை நெடியவர் என்றும், நிஸ்தார் நானாவின் ஆளைச் சுருட்டைமுடி என்றும், புஸ்பம் அக்காவின் ஆளைச் சிரிப்பழகர் என்றும் குறித்தேன். கூட்டத்துக்கு வந்த பஸ்களுக்குப் புள்ளி போட்டேன். ஒட்டிய நோட்டீசுக்குப் புள்ளி. மட்டக்களப்பு மேடையில் ‘வணக்கம்’ சொன்ன உச்சரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று புள்ளி.

மக்கள் மனதையும் அறிய வேண்டுமே. குருக்கள்மடத் துறையில் ‘பாதை’ ஏறினேன். பாதை என்றால் மோட்டார்சைக்கிள், மனிதர், மாடு எல்லாவற்றையும் சேர்த்து வாவியைக் கடத்தும் தட்டைப் படகு. ஒருவரை மெதுவாகக் கேட்டேன்.

“அண்ணன், ஆருக்குப் போடப்போறீங்க?”

“வெல்லுற ஆளுக்குத்தான்.”

“ஆரு வெல்லுவாரு?”

“அத நீங்கதானே தம்பி சொல்லணும். கெம்பஸ் படிச்ச ஆள்!”

பதினெட்டுப் பேரைக் கேட்டேன். பதினெட்டுப் பேரும் என்னைத் திருப்பிக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து மேனுகாவிடம் சொன்னேன்.

“அப்ப நீங்க அவங்கட வாயப் பாத்தீங்க. அவங்க உங்கட வாயப் பாத்தாங்க. பாதையில நிண்ட மாட்டக் கேட்டீங்களா மச்சான்? அது ஒரு முடிவோட நிண்டிருக்கும்.”

“இது ஆய்வு. உனக்கு விளங்காது.”

“சரி. ஆய்வுல ஆரு முன்னுக்கு?”

“நெடியவர் எழுபத்தொண்டு. சுருட்டைமுடி எழுபது. சிரிப்பழகர் அறுபத்தொம்பது.”

“ஒரு மார்க்குத்தானே வித்தியாசம்? நீங்க எண்ணின பஸ்ஸுல ஒண்டு கலியாணத்துக்குப் போன பஸ்ஸா இருந்தா?”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையில் ஒரு பஸ்ஸில் மாலை கட்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கந்தப்போடி வந்தார். “என்ன மனே, நம்மட ஆளுக்கு நிப்பாய்தானே?” கொப்பியில் எழுபத்தொன்று; சம்மதித்து ஓம் என்றேன். புதன்கிழமை நிஸ்தார் நானா துணிக்கட்டோடு வந்தார். ஒரு புள்ளிதானே குறைவு. ஓம் என்றேன். வியாழக்கிழமை புஸ்பம் அக்கா வந்து, ஓம் சொல்லும்வரை எழும்பவில்லை. பகல் சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. ஓம் என்றேன்.

இது பொய்யில்லை என்று எனக்கு நானே விளங்கப்படுத்தினேன். நம் நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் ஒரே சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பு அடையாளம் இடலாம். ஆகவே மூவருக்கும் போடுவேன் என்பது சட்டப்படி சரி. ஆனால் ஒரு மனிதன் மூன்று கதிரையில் இருக்க முடியாது. அதற்குச் சட்டம் தேவையில்லை. உடம்பே விடாது.

வெள்ளிக்கிழமை மேனுகாவிடம், பூட்டியிருந்த அலுமாரியின் திறப்பைக் கேட்டேன்.

“என்னத்துக்கு?”

“ஐடென்டிகாட் வேணும். முகவர் படிவத்துக்கு நம்பர் குடுக்கணும். நாளைக்கு வருவாங்க.”

“ஆர்ர படிவம்?”

“போடியார்ர.”

“ம்.”

“நிஸ்தார் நானாடயும்.”

தையல் மெசின் நின்றது.

“புஸ்பம் அக்காடயும் எண்டு சொல்லிராதீங்க.”

நான் சொல்லவில்லை. அதிலேயே விளங்கிக்கொண்டாள்.

“எலக்சன் அண்டைக்கு என்ன செய்யப்போறீங்க?”

“காய்ச்சல் எண்டு படுத்துருவன்.”

“எந்தக் கட்சிக்குக் காய்ச்சல்? ஒரு ஆள் வெண்டா மத்த ரெண்டு பேரும் உங்கள இந்த ஊருல நடக்க விடுவாங்களா? வெண்டவரும் நம்பமாட்டாரு. வேலையும் இல்ல, ஊரும் இல்ல.”

என் பயத்தை இவ்வளவு சுருக்கமாக நானே எழுதியதில்லை. அவள் அலுமாரித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நாளைக்குக் காலத்தால குருக்கள்மடம் போய் உங்கட அம்மாவப் பாத்துட்டு வாங்க. நான் பாத்துக்கிறன்.”

எதைப் பார்த்துக்கொள்வாய் என்று கேட்கவில்லை. முதல் பாதையிலேயே ஏறிவிட்டேன்.

பின்னேரம் திரும்பினேன். சந்தியில் கந்தப்போடி என் தோளில் கைபோட்டார்.

“மனே, நீ படிச்ச புள்ள. உன்னக் கஷ்டப்படுத்தக் கூடா. நீ நிஸ்தார்ர ஆளுக்கே நில்லு. எனக்குக் கோவமே இல்ல.”

பத்து நிமிடத்தில் நிஸ்தார் நானாவின் அழைப்பு. “தம்பி, புஸ்பம் அக்கா தனிச்சுப் போயிட்டா, பாவம். அவட ஆளுக்கு நில்லுங்க. அல்லாஹ்வுக்காக நில்லுங்க.”

வீட்டு வாசல் படலையில் புஸ்பம் அக்கா. “தம்பி, யோசிச்சுப் பாத்தன். போடியார்ர ஆள்தான் உங்களுக்குப் பொருத்தம்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன பெருந்தன்மை! என்ன ஜனநாயகம்! உள்ளே போய் நெஞ்சை நிமிர்த்தினேன்.

“பாத்தியா? எல்லாரையும் பகைக்காம நடந்தன். இப்ப மூணு பேரும் விட்டுக்குடுக்கிறாங்க. இதுக்குப் பேர்தான் ராஜதந்திரம்.”

மேனுகா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மாமிதான் சிரித்தார். தேங்காய் திருவிக்கொண்டிருந்த திருவலையோடு சரிந்து சரிந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

முதலில் கந்தப்போடி வந்தாராம். “எங்ககா உன்ட மனிசன்?”

மேனுகா அவரைக் குசினிக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாளாம். “பெரியப்பா, உங்களுக்கு நல்லது நடக்கணும் எண்டுதான் சொல்றன். இவரு ஆதரிச்ச ஆள் எவரும் இதுவரைக்கும் வெண்டதில்ல. ஏழு தேர்தல். ஏழும் தோல்வி.”

“என்னத்தச் சொல்றாய் புள்ள?”

“மீனவர் சங்கத்துல நிண்டது ரெண்டு பேர். இவர்ர ஆள் வந்தது மூணாவது.”

“அதெப்படி?”

“செல்லாத வாக்கு ரெண்டாவதா வந்திட்டு.”

கந்தப்போடி தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பினாராம்.

அடுத்தது நிஸ்தார் நானா. அதே கதையைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினாராம். “தங்கச்சி, கிரிக்கட்டுலயும் இப்படித்தானா?”

“ஓம் நானா. இவரு ரீவிக்கு முன்னால இருந்தா விக்கட் விழும். நாங்க கடைக்கு அனுப்பிருவம்.”

“அதுதான் அண்டைக்கு என்ட கடையில வந்து நிண்டாரா! அண்டைக்கு நாம வெண்டம்!” என்று சொல்லிக்கொண்டே மோட்டார்சைக்கிளை உதைத்தாராம்.

புஸ்பம் அக்கா மட்டும் பதறவில்லையாம். நிதானமாக வெற்றிலை போட்டுவிட்டு, “அப்ப ஒண்டு செய் மேனுகா, அவரைப் போடியார் பக்கம் அனுப்பு” என்றாராம்.

“மானம் போச்சே, மேனுகா!”

“என்ன மானம் போச்சு? மூணு கட்சியும் உங்களுக்குப் பயந்து ஓடுது. இந்த ஊருல வேற ஆருக்கு மச்சான் அந்தப் பவர் இரிக்கு?”

யோசித்துப் பார்த்தேன். யாருக்கும் என் மேல் கோபமில்லை. படிவமில்லை, கதிரையில்லை, காய்ச்சலில்லை. கொப்பி வாங்கிய நாளுக்குப் பிறகு முதன்முறையாக இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை பாதையில் ஏறினேன். நான் வாயே திறக்கவில்லை. ஆட்களே கேட்டார்கள். “தம்பி, நீங்க ஆருக்கு?” நெடியவருக்கு என்றேன். எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அந்தச் சந்தோஷம் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது: குசினிக் கதை ஊரெல்லாம் பரவியிருந்தது.

தேர்தலன்று மூவருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். நெடியவருக்கு 1, சுருட்டைமுடிக்கு 2, சிரிப்பழகருக்கு 3. மறுநாள் முடிவு வந்தது. வென்றவர் சிரிப்பழகர்.

“நீ ஆருக்குப் போட்டாய்?” என்று மேனுகாவைக் கேட்டேன்.

“உங்கட கொப்பியத் துறந்து பாத்தன். கடைசியில இருந்தவருக்குப் போட்டன். அம்மாவும் அவருக்குத்தான். நல்ல ஆய்வு மச்சான்.”

ஒன்று மட்டும் மனதைக் குடைந்தது. ஏழு தேர்தல் என்று அவள் சொன்னது என் பெயருக்கு இழுக்கு. படித்தவன் ஆதாரமில்லாமல் ஒன்றை ஏற்கக்கூடாது. ஆகவே வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து, பாடசாலை மாணவர் தலைவர் தேர்வு முதல் கோயில் நிர்வாக சபைவரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

ஏழு என்பது பிழை. இந்தத் தேர்தலைச் சேர்க்காமலே ஒன்பது.