நுரையாரின் கை

பூலோகத்தில் நுரையோடு ஜென்மப் பகை வைத்திருந்த ஒரே மனுஷர் எங்கள் நுரையார்தான். துவாக்குடிப் பக்கம் நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனியில் அவர் கெமிஸ்ட். ஆலைத் தொட்டிகளில் பொங்கி வழிகிற நுரையை அடக்க, சிலிக்கோன் எண்ணெயில் மருந்து தயாரிப்பது உத்தியோகம். சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறுமுன் காபிக்கடையில் நிற்பார். "நுரையில்லாம குடுங்க."

"அப்புறம் நான் எதுக்கு சார் இவ்வளவு உயரத்துலேர்ந்து ஆத்தறேன்?" என்பார் மாஸ்டர் பாவமாக.

"கீழ இருக்கறதுதாங்க காபி. மேல இருக்கறது வெறும் காத்து!"

வீட்டம்மா புலம்பல் வேறு. இவர் சட்டை விழுந்த பக்கெட்டில் எந்தச் சோப்பும் நுரைக்காதாம்.

ஒருநாள் காகித ஆலை மேனேஜர் வந்து உட்கார்ந்தார். புது மருந்து தேறாவிட்டால் ஆர்டர் போச்சு. ஆர்டர் போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். நுரையார் ஆலைத் தண்ணீரைக் குடுவையில் நுரைக்கவிட்டு, மருந்து ஒரு சொட்டு விட்டார். நுரை படுத்துவிட்டது! எங்கள் முதலாளி கைதட்டினார். மேனேஜர் எழுந்து கைகொடுக்கப் போனார்.

"இருங்க" என்று நுரையார் இன்னொரு குடுவையை எடுத்து அதிலும் ஆலைத் தண்ணீரை நுரைக்கவிட்டார். மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு. அந்த நுரையும் படுத்துவிட்டது.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "என்ன சார் இது? நல்லாத்தானே போயிட்டிருந்தது!"

"மருந்து அடக்குச்சா, குடுவையில ஒட்டியிருந்த பழைய சிலிக்கோன் அடக்குச்சா? கழுவினாலும் அந்தப் பிசுக்கு லேசுல போகாதுங்க. என் கையெல்லாம் அதான். தெரியாம எப்படி விக்கறது?"

பாவி மனுஷா, பிழைக்கத் தெரியாதவரே என்று மனசுக்குள் திட்டினேன்.

தென்னூர்க் கடையிலிருந்து புதுக் குடுவைகள் வந்தன. தன் கை பட்டால் அவையும் கெடும் என்று, நுரையார் வெளியே போய் வெயிலில் ஜன்னலோரம் நின்றுகொண்டார். "மேனேஜர் சார், நீங்களே விடுங்க. முதல்ல தண்ணி!"

தண்ணீருக்கு நுரை அசையவில்லை. அடுத்தது மருந்து. நுரையார் கண்ணை இறுக மூடி, "ரங்கா, ரங்கா" என்றார்.

நுரை மடமடவென்று அடங்கியது.

"இனிமே உங்க சரக்கு வந்தா நான் சோதிச்சே பாக்க மாட்டேன் சார்" என்றார் மேனேஜர் நெகிழ்ந்துபோய்.

நுரையாருக்கு வந்ததே கோபம்! "அதெப்படி? கண்டிப்பா சோதிக்கணும்!" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

அந்தக் கம்பியோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.