மக்கீன் முதலாளியின் முழு நட்டம்

இன்சூரன்ஸ் கம்பனியிடம் ஒரு சதம்கூட விட்டுக்கொடுப்பதில்லை! காலை ரொட்டியைப் பிய்க்கும்போதே மக்கீன் முதலாளி சபதம் எடுத்துவிட்டார். மாத்தளையில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிற மனுஷன். ஒரு வெறும் சாக்கோடு தொடங்கி, விலை பேசியே வீடு கட்டியவர். கோபம் வந்தால் தராசுப் படிக்கல் பறக்கும்.

முந்தின வாரம் பலாபத்வலையில் ஒரு மாட்டுக்கு ஒதுங்கப் போய், அவருடைய ஒஸ்டின் கார் மதகுச் சுவரில் முட்டிவிட்டது. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரின் முகம்தான் சப்பையாகிவிட்டது. புதுக் கார் இறக்குமதியே நின்றுபோயிருந்த காலம். கார் இல்லையென்றால் கலேவெலச் சந்தைக்கு நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. யாவாரம் படுத்துவிடும்.

நட்டத்தை மதிப்பிடக் கண்டியிலிருந்து கம்பனி ஆள் பொன்னுத்துரை வந்தார். குனிந்தார், தட்டினார், எழுதினார். விறாந்தையில் வந்து உட்கார்ந்தார்.

"ரிப்பேருக்கு ஆயிரத்து இருநூறு தரலாம், முதலாளி."

"ஆயிரத்து இருநூறா! ஐயா, கண்ணைத் தொடச்சிட்டுப் பாருங்க. எஞ்சின் மவுத்து, உசிரே இல்ல! அடியில செஸி கோணல்! இனி கோழிக் கூடாத்தான் வைக்கலாம்!"

திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. மனைவி மஸூதா.

"இங்க ஒருக்கா வந்துட்டுப் போங்க."

"சும்மா இரு. யாவாரம் நடக்குது."

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்களேன்."

"நீ தேத்தண்ணியைப் பாரு!"

பொன்னுத்துரை பேனையைக் கீழே வைத்தார். "அவ்வளவு மோசம்னா முழு நட்டம்னே எழுதிடலாம். பொலிசியில உள்ளது அப்படியே கிடைக்கும். மூவாயிரம்."

முதலாளிக்குத் தன்னைக் கண்டு தனக்கே பிரமிப்பு. இவன் மனசு மாறுவதற்குள், சொன்னதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

"சரி, நாளைக்கு லொறி வரும்."

"எதுக்கு?"

"காரை ஏத்த. முழுக் காசும் கொடுத்தா உடைஞ்ச கார் கம்பனிக்குச் சொந்தம்."

"என்ட காரா? ஐயா, அது தங்கமான எஞ்சின்!"

"இப்பதானே மவுத்துன்னீங்க? எது பொய்னு சொல்லுங்க, அதையும் எழுதுறேன். பொய்னா ஒரு சதமும் வராது."

முதலாளி தோளில் கிடந்த சால்வையால் பொன்னுத்துரைக்கு விசிறத் தொடங்கினார். மாத்தளை அதுவரை பார்க்காத காட்சி.

அப்போது திரை பேசியது. "ஐயா, அந்தக் கோழிக் கூடு என்ன விலை?"

"எண்ணூறுக்குப் போகும், அம்மா."

"எண்ணூறா? எஞ்சின் மவுத்து, செஸி கோணல். நான் சொல்லல்ல, சொந்தக்காரரே சொல்லிக் கையெழுத்தும் வச்சிருக்காங்க. கண்டிக்கு ஏத்த லொறிக் கூலி வேற. மழையில கிடந்தா துரு. நானூறு தாறேன், இப்பவே. என்ட சொந்தக் காசு."

பொன்னுத்துரை கடதாசியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "நானூற்றைம்பது."

"நானூறு. வட்டிலப்பம் இருக்கு, சாப்பிட்டுப் போங்க."

முடிந்தது! குரல் ஒரு முழம் உயரவில்லை. மேசையில் ஒரு குத்து விழவில்லை. அவர் தன் வாயாலே குப்பையாக்கிய காரை, அந்த வாய் வார்த்தையையே வைத்து, குப்பை விலைக்கு வாங்கிவிட்டாள். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதைக் காணவில்லையே! பெருநாள் பிறையைக் கண்டவர்போல முதலாளி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மஸூதாவின் மூத்த சகோதரர், ஸக்கரியா நானா, கராஜ் வைத்திருந்தார். ஒரு மாதத்தில் கார் பளபளவென்று வாசலுக்கு வந்தது. ரிப்பேர் பில் மட்டும் முதலாளி பெயருக்கு வந்தது. அதையும் அவர் விலை பேசாமலே கட்டினார். அவ்வளவு பிரமிப்பு.

சந்தைக்குப் புறப்பட்டு, சாரதிப் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே ஸக்கரியா.

"மச்சான், கொஞ்சம் நகருங்க."

"நானா நகர மாட்டாங்க," என்றாள் மஸூதா. "புது இன்சூரன்ஸ் விண்ணப்பத்துல, முன்ன மோதினவங்க யாரும் ஓட்டுவாங்களான்னு கேட்டிருந்திச்சு. ஆமான்னா கட்டுற காசு கூடுமாம். இல்லைன்னு எழுதிட்டேன்."

"அப்ப நான்?"

"பின்னால ஏறுங்க."

முதலாளி ஏறினார்.

"கதவை மெதுவாச் சாத்துங்க," என்றாள் காரின் சொந்தக்காரி.