கோமளா மான் ட்ரெட்மில் விசாரித்த கதை

ஒரு காட்டில் கோமளா என்று ஒரு புள்ளிமான் இருந்தாள். குட்டி பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, பிள்ளை பெற்ற உடம்பு என்று சொல்லிச் சொல்லி, கூட்டத்திலிருந்த அத்தனை பேரும் நல்ல கொழுந்தாகப் பறித்து ஊட்டியதில் அவள் இடுப்பு பழைய இடுப்பாக இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டிருப்பாள். ஆனால் போன வாரம் புலி வந்தபோது கூட்டமே ஓடியது, கோமளாதான் கடைசி. புலியின் காலில் முள் ஏறியதால் அன்றைக்குத் தப்பித்தாள்.

தினமும் முள் ஏறுமா?

"காலையில எந்திரிச்சு ஆத்தோரமா நாலு சுத்து ஓடு. தானா சரியாப் போயிரும்," என்றான் அவள் வீட்டுக்காரன் தவசி.

"ஓடுறேன். அதுவரைக்கும் குட்டியைப் பாத்துக்கறீங்களா?"

தவசிக்கு உடனே மேய்ச்சல் ஞாபகம் வந்து கிளம்பிப் போய்விட்டான்.

அப்போதுதான் அவளுக்கு ட்ரெட்மில் யோசனை வந்தது. காட்டுக்குக் கரண்ட் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு மெஷின் வாங்கிப் புதருக்குள் போட்டுவிட்டால், குட்டி தூங்குகிற அரை மணி நேரத்தில் ஓடி முடித்துவிடலாம். அடுத்த தடவை புலி வரும்போது கூட்டத்தின் நடுவிலாவது ஓடலாம். முதலாவதாக ஓட வேண்டும் என்ற பேராசையெல்லாம் அவளுக்குக் கிடையாது.

குட்டியைக் கூட்டிக்கொண்டு கரடி கடைக்குப் போனாள். அங்கே மூன்று மெஷின் நின்றது. கோமளாவுக்கு வெளி ஆட்களிடம் வாய் திறந்து பேசக் கூச்சம். கரடி ஒவ்வொன்றாகப் புகழப் புகழ, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, ஒரு தேக்கிலையில் கோடு போட்டு எழுதிக்கொண்டாள்.

முதல் மெஷின் பார்க்க லட்சணம், ஆனால் பெல்ட் குட்டை. முன்னங்கால் இரண்டும் ஓடும், பின்னங்கால் இரண்டும் தரையில் நின்று வேடிக்கை பார்க்கும். இரண்டாவதில் பெல்ட் நல்ல நீளம், ஆனால் மடிக்க முடியாது. அதைப் புதருக்குள் போட்டால் தவசி வெளியேதான் படுக்க வேண்டும். (இதை அவள் குறை என்று எழுதவில்லை. தனியாக ஒரு ஓரத்தில் எழுதி வைத்தாள்.) மூன்றாவது மடங்கும், நீளமும் உண்டு. ஆனால் ரிப்பேர் பார்க்கிற நீர்நாய் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறான், வெள்ளம் வடிந்தால்தான் வருவான்.

மெஷின் வாங்கினவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போனிலும் பார்த்தாள். 'ரொம்ப வேகம், பயமாக இருக்கிறது' என்று ஓர் ஆமை ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தது. 'ஒரு தடவைதான் ஏறினேன், அருமை' என்று ஒரு யானை ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தது. பக்கத்து மரத்துக் குரங்கம்மா வீட்டுக்குப் போய் நேரிலேயே ஒரு மெஷினைப் பார்க்கலாம் என்று போனால், அதன் மேல் நாவல்பழ வற்றல் காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு மாதம் ஓடிவிட்டது. தேக்கிலை ஒன்று பதினான்கு ஆனது.

அடுத்த வளையில் இருந்த துரைராசு முயலுக்கு இதெல்லாம் சிரிப்பு. அவன் கடைக்குப் போன அன்றைக்கே முதல் மெஷினை வாங்கி வந்துவிட்டான். அவன் காலுக்கு அந்தப் பெல்ட்டே போதும்.

"என்னக்கா, விசாரணை முடிஞ்சுதா? இல்ல, கமிஷன் போட்டு நடத்துறீங்களா?" என்று மெஷினில் ஓடிக்கொண்டே கேட்பான்.

"மோட்டார் மேலதான் தம்பி ஒரு சந்தேகம். நாலு குதிரை சக்தின்னு எழுதியிருக்கான். ஆனா தொடர்ந்து ஓடுனா ரெண்டுதான் நிக்குமாம்."

"நீங்க குதிரையை எண்ணிக்கிட்டே இருங்க, புலி வந்துரும். என்னைப் பாருங்க, மணிக்குப் பன்னெண்டு கிலோமீட்டர்! இனிமே புலி என் வாலைக்கூடப் பாக்க முடியாது."

கோமளாவுக்கு முகம் தொங்கிப்போகும். அவன் சொல்வதும் நியாயம்தானே என்று தோன்றும். நாளைக்கு எப்படியும் முடிவு பண்ணிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பதினைந்தாவது தேக்கிலையை எடுப்பாள்.

ஒரு சாயங்காலம் புலி வந்தது.

கூட்டம் பறந்தது. தவசி எல்லாருக்கும் முன்னால் பறந்தான். துரைராசும் வளையை விட்டு வெளியே குதித்து ஓடினான். என்ன ஓட்டம்! காது பின்னால் மடிய, கால் நாலும் கண்ணுக்குத் தெரியாமல் சுழல, அப்படி ஓடினான். ஆனால் குதித்த இடத்திலேயே ஓடினான். வீட்டுக்குள்ளேயே ஓடிப் பழகின கால், ஓர் அடிகூட நகரவில்லை. புலி பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தது.

"எங்கப்பா போயிட்டிருக்க?"

"இப்பதான் ரெண்டு கிலோமீட்டர் தாண்டியிருக்கேன்," என்றான் துரைராசு மூச்சு வாங்க.

அவ்வளவுதான் துரைராசு.

முயல் புலியின் கடைவாய்ப் பல்லுக்கே காணவில்லை. அது திரும்பிப் பார்த்தது. பத்தடி தள்ளித் தன் புதர் வாசலில் கோமளா நின்றாள். குட்டியின் கால் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டு ஓட மனசு வரவில்லை, ஓடினாலும் அவள் எவ்வளவு தூரம் ஓடிவிடப் போகிறாள்? கண்ணை மூடிக்கொண்டாள்.

புலி கிட்ட வந்தது. "ஏம்மா, அந்த முயலுக்கு என்ன கோளாறு? நின்ன இடத்துலயே ஓடுறான்."

"ட்ரெட்மில்லுல பழகுன கால் ஐயா," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"அட, அதுவா! என் வீட்டுக்காரியும் அதைத்தான் வாங்கச் சொல்லி உசிரை எடுக்கிறா. எனக்கு முட்டி வலி. முன்ன மாதிரி துரத்த முடியல. கரடி கடையில மூணு வச்சிருக்கானாம்ல, ஏதோ ஒண்ணைத் தூக்கிட்டு வந்துரலாம்னு இருக்கேன்."

கோமளா கண்ணைத் திறந்தாள். உயிர் போகிற நேரம்தான். ஆனால் ஒரு மாத விசாரணை தொண்டைக்குள் நின்று முட்டியது. கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஏதோ ஒண்ணா? ஐயா, உங்க வெயிட் என்ன?"

புலி வெட்கப்பட்டது. "இருநூறு இருக்கும்."

"முதல் மெஷின் தொண்ணூறு கிலோதான் தாங்கும். உடைஞ்சா பின்னாடி கேக்க முடியாது. உங்க குகை எத்தனை அடி?"

"குகையை எதுக்கு அளக்கணும்?"

"அளக்காம ரெண்டாவதை வாங்கிட்டீங்கன்னா, உங்க வீட்டம்மா எங்க படுப்பாங்க?"

புலி அப்படியே உட்கார்ந்துவிட்டது. கோமளா தேக்கிலைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பரப்பினாள். பெல்ட்டில் பாதி, மோட்டாரில் பாதி போவதற்குள் இருட்டிவிட்டது. "இவ்வளவு இருக்கா! நல்ல வேளை உன்னைத் திங்கல. நான் குகையை அளந்துட்டு நாளைக்கு வரேன்," என்று புலி எழுந்து போனது.

மறுநாள் வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. வருகிற வழியில் துரைராசு மாதிரி நின்ற இடத்திலேயே வேகமாக ஓடுகிறவர்கள் யாரையாவது பிடித்துத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கோமளாவின் எதிரில் உட்காரும். பக்கத்தில் குட்டி பயமில்லாமல் பால் குடிக்கும்.

ஆனால் எந்த விசாரணைக்கும் ஒரு முடிவு உண்டல்லவா? ஒரு சாயங்காலம் புலி கடைசித் தேக்கிலையையும் கேட்டு முடித்துத் தலையை ஆட்டியது.

"சரிம்மா, மூணாவதுதான். முடிவு பண்ணியாச்சு. நீர்நாயைத் தூக்கிட்டு வந்து குகையிலேயே வச்சுக்கறேன். காலையில போய் வாங்கிர்றேன்." பிறகு எழுந்து சோம்பல் முறித்து, கோமளாவை மேலும் கீழும் பார்த்து நாக்கால் உதட்டை நக்கியது. "இவ்வளவு நாளா உன்னைச் சரியாவே பாக்கல. நல்லா இருக்க."

கோமளா குட்டியைப் பார்த்தாள். பிறகு தேக்கிலைகளை நிதானமாக அடுக்கி ஓரமாக வைத்தாள்.

"உங்க இஷ்டம் ஐயா. ஆனா அடுத்த மாசம் புது மாடல் வருதாம்."

புலி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்சம் யோசித்தது. பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தது.

"அதுல என்னென்ன இருக்காம்?"

நீதி: புலியிடமிருந்து தப்பிக்க வேகமாக ஓட வேண்டியதில்லை. புலி ஒரு முடிவுக்கு வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.