அரை மணி நேர அங்கீகாரம்

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நிற்பது வழக்கம். அந்த வரிசையின் ஓரத்தில் நாடகம் போடுவது ‘கடலோர நாடகக் குழு’வின் வழக்கம். ஆள் கூட்ட வேண்டியதில்லை. பாதியில் எழுந்து போகவும் யாராலும் முடியாது. பதினோரு வருடக் கலைச்சேவை இவ்வாறு தடையின்றி நடந்தது.

குழுத்தலைவி பூவம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். அவருக்கு இப்போது அரசு அங்கீகாரம் தேவைப்பட்டது. ஒத்திகை நடக்கும் ஐஸ் கிடங்கை இடிக்கப்போகிறார்கள். சமுதாயக் கூடமோ அங்கீகாரம் பெற்ற குழுவுக்குத்தான் கிடைக்கும்.

கள ஆய்வுக்குக் கருணாகரன் என்ற அலுவலர் ஜீப்பில் வந்தார். நேர்மையானவர். கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை.

“விதி ஏழு. பார்வையாளர் விருப்பப்பட்டுப் பாக்கணும். இவங்க விருப்பப்பட்டா பாக்கறாங்க?”

“முன்னாடி நாப்பது வண்டி, பின்னாடி நூறு வண்டி. பாக்காம எங்க சார் போவான்?” என்றார் பூவம்மா.

“அப்ப இவங்க பார்வையாளர் இல்லம்மா. மாட்டிக்கிட்டவங்க.” அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது. டிரைவர் மாரியப்பன் மட்டும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். நாடகத்தில் ஒருவன் குடிநீர் இணைப்புக்கு அலைகிறான். வண்டி நகர நகரத் துண்டு துண்டாகப் பார்த்தவர்கள் யாருக்கும் முடிவு தெரியாது.

“அவனுக்குக் கனெக்‌ஷன் குடுத்தானுங்களா இல்லியான்னு தெரியாம நா போவமாட்டேன் நைனா.”

முன்னால் போனவர்களும் நடுரோட்டிலேயே லாரிகளை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார்கள். நூறு பேர். முழு விருப்பத்துடன்.

கருணாகரன் திருப்தியாகப் படிவத்தை நிரப்பிவிட்டுக் கிளம்பத் திரும்பினார். ஜீப்பைச் சுற்றிலும் லாரிகள்.

“நானும் போக முடியாமத்தான் நின்னு பாத்திருக்கேன். விதி ஏழு எனக்கும் பொருந்தும். ஆய்வு செல்லாது.”

“நல்லா சிரிச்சிகினுதான இருந்த சார்?” என்றார் பூவம்மா.

“நான் விருப்பப்பட்டுத்தான் பாத்தேன்னு அங்கீகாரம் பெற்ற குழு ஏதாவது சான்று கொடுத்தா ஏத்துக்கலாம்.”

“அது இங்க ஆர்கிட்ட கீது?”

கருணாகரன் யோசித்தார். அவசரத் தேவைக்குத் தற்காலிக அங்கீகாரம் வழங்க விதி இருபத்திரண்டு இடம் தந்தது. அரை மணி நேரம். ஜீப்பின் பானட்டின் மேல் வைத்து எழுதி, முத்திரை குத்தி நீட்டினார்.

கை நீட்டி வாங்கியவர் ஜுபைர். பதினோரு வருடமாகக் குழுவில் அதிகாரி வேஷம் கட்டுபவர். அப்போதும் வேஷத்தில்தான் இருந்தார். தாளை முன்னும் பின்னும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கினார்.

“விருப்பச் சான்றுக்கு விண்ணப்பம் மூணு நகல் குடுங்க. சாட்சி ரெண்டு பேர். ஆதார் கீதா?”

“டேய் ஜுபைரு, டயம் ஆவுது. எழுதிக் குட்த்துத் தொலைடா.”

“முறைன்னு ஒண்ணு கீதுல்லக்கா?”

கருணாகரன் மறுக்கவில்லை. பணிக்காலத்தில் முதல்முறையாகத் தன்னைப் புரிந்துகொண்ட ஒருவரைக் கண்ட மரியாதையுடன் மூன்று நகலும் எழுதினார். இரண்டாவது நகலில் தேதி இல்லை. ஜுபைர் திருப்பிக் கொடுத்தார்.

அரை மணி நேரம் முடிந்தது.

“போச்சு, கூடம் போச்சு,” என்று பூவம்மா நடைபாதையில் உட்கார்ந்தார்.

“கடைசி வரிக்கும் குடுக்கல பாத்தியா?” என்றார் நாடகத்தின் முடிவு தெரிந்த திருப்தியில் மாரியப்பன். நூறு பேரும் கைதட்டிவிட்டு லாரிகளில் ஏறினார்கள். சாலை காலியானது.

வழி கிடைத்த பிறகும் ஜீப்பில் ஏறாமல் கருணாகரன் மட்டும் கைதட்டிக்கொண்டு நின்றார். விருப்பப்பட்டுத்தான். அப்படிச் சான்று எழுதத்தான் அங்கே அங்கீகாரம் பெற்றவர் யாரும் இல்லை.