கடைசி ஒரு முழம் பெல்ட்

பழைய கார் வாங்குவது எப்படி என்று ஒரு வாரம் படித்தேன். இருபத்திரண்டு குறிப்புகள். நோட்டில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். இனி என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்று மனைவியிடம் அறிவித்தேன். அவள் தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள்.

"அங்க வந்து நீ வாயே திறக்கக் கூடாது. கார் பிடிச்சாலும் மூஞ்சில காட்டக் கூடாது. தரகர் உஷாராயிடுவார்."

"சரிங்க."

அவள் இவ்வளவு சுலபமாக 'சரிங்க' சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தரகர் வீட்டு வாசலில் நீல நிறக் கார். பளபளவென்று நின்றது. பார்த்த மாத்திரத்தில் என் வாய் காதுவரை போய்விட்டது. குறிப்புப்படி டயரைத் தட்டினேன். எஞ்சின் பக்கம் காதைக் கொண்டுபோனேன். அங்கே என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் எந்தக் குறிப்பிலும் இல்லை.

"எஞ்சின் எப்படி சார்?" என்றார் தரகர்.

"சங்கீதம்!" என்றேன். வாயும் போச்சு, மூஞ்சியும் போச்சு.

ஏழு வருடச் சேமிப்பு இருந்த பையைத் திறந்தேன். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த மனைவி சீட் பெல்ட்டை இழுத்தாள். இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா தேடுறீங்க?" தரகருக்குக் குரல் இறங்கிவிட்டது.

"கறைங்க. இதோ, கடைசி ஒரு முழம் பூரா சேத்துக் கறை. வண்டி வெள்ளத்துல முங்கி எழுந்திருக்கு."

டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போன தரகர் திரும்பவே இல்லை.

பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "நீ இல்லேன்னா நம்ம சேமிப்பெல்லாம் அந்தச் சேத்துலயே போயிருக்கும்மா. நீ நல்லா இருக்கணும்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "கறையைத் தேடணும்னு எப்படித் தோணுச்சு? தையல்காரி கண்ணு, இல்ல?"

"இல்லீங்க. டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க."

"யாருக்கு?"

தையல் அளவு எழுதும் நோட்டுக்குள்ளிருந்து ஒரு டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினாள். நான் இரண்டு முறை தோற்ற பரீட்சையில் அவள் முதல் முறையே தேறி, மூன்று மாதம் ஆகியிருந்தது.

அடுத்த வாரமே நல்ல காராக அவளே பார்த்து வாங்கினாள். என்னைப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டாள்.

"நான் ஓட்டுறப்போ நீங்க வாயே திறக்கக் கூடாது. பயமா இருந்தாலும் மூஞ்சில காட்டக் கூடாது."

"சரிங்க," என்றேன்.