தூண் இல்லாத படி

முதல் படியில் ஏறியதும் இராஜமாணிக்கம் ஆசாரி மேலும் கீழுமாக ஆடினார்.

"என்னா ஆசாரி, படி கேட்டா ஊஞ்சல் செய்யிறீங்க?" என்றாள் பங்களா ஆயா நீலாவதி.

"சும்மா இரு லா. இந்தப் படத்தைப் பாரு. ஒரு முனை சுவத்துல. அப்புறம் பக்கத்தோட ஓரம் வரைக்கும் தேடு, ஒரு தூண் இல்ல!"

படம் துரைசாணியின் சீமைப் பத்திரிகையில் வந்தது. மலாயா ரப்பர் தோட்டத்தின் பழைய பங்களாவைக் கம்யூனிஸ்டுகள் கொளுத்திவிட்டார்கள். புது மாடி பங்களாவில் அவளுக்கு அந்தரத்தில் மிதக்கும் மரப்படிதான் வேண்டுமாம்.

வெள்ளைக்காரத் துரை தோட்டத் தமிழில் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை போர்டிக்சன் கேம்ப் மேஜர் வரும். படி ஆடுனா, திங்கக்கிழமை நீ பால்மரம் வெட்டப் போ."

ரந்தாவ் வட்டாரத்தில் உளி பிடித்துப் பேர் வாங்கிய கை. ரப்பர்ப் பால்வாளியை நினைத்தாலே கூசியது.

சுவரைத் துளைத்து, நீண்ட பலகைகளை மறுபக்கம் நீட்டிவிட்டார். ஆட்டம் நின்றது. ஆனால் மறுபக்கம் சாப்பாட்டு அறை. சூப் குடித்துவிட்டு எழுந்த துரையின் மண்டை பலகையில் மோதியது.

"ஆசாரி! என்னைக் கொல்ல கம்யூனிஸ்ட் எதுக்கு? நீ போதும்!"

மறுபக்கம் நீண்ட பலகை வாலைக் குட்டையாக அறுத்தார். ஆட்டம் திரும்பி வந்தது. வாலுக்குப் பாரம் வேண்டும். காவல்கார சன்னாசி சோறு தின்னப் போன நேரம், வாசலில் அவன் மறைந்து நிற்கும் மணல் மூட்டைகள் அத்தனையும் உள்ளே வந்து வால்களின் மேல் ஏறின.

"யோவ் ஆசாரி! என் மறைப்பைத் தூக்கிட்டியே! சுட்டா நான் எங்கய்யா ஒளியறது?"

"படிக்கு அடியில ஒளியேன்."

"அங்கதான் ஒண்ணுமே இல்லையே!"

அதற்குள் ஜீப் வந்து நின்றது. சொன்ன நாளில் வந்தால் கம்யூனிஸ்டுகள் வழியில் சுடுவார்கள் என்று மேஜர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். பீப்பாய் உடம்பு. நேராகப் படியில் ஏறினார். நடுவில் நின்று குதித்தார். ஆசாரி கண்ணை மூடிக்கொண்டார்.

படி அசையவில்லை.

சாப்பாட்டு அறையில் சுவரோடு அடுக்கியிருந்த மணல் மூட்டைகளை எட்டிப் பார்த்த மேஜர், துரையின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"ஆசாரி!" துரைக்கு வாயெல்லாம் பல். "சாப்பிடற எடத்துக்கே குண்டு வராம செஞ்ச மூளை யாருதுன்னு மேஜர் கேக்குது! கேம்புக்கும் நீதான் படி செய்யணுமாம்!"

துரைசாணி கைதட்டினாள். சன்னாசிகூடச் சல்யூட் வைத்தான். ஆசாரி மீசையை முறுக்கிக்கொண்டு படத்தை நீலாவதியிடம் நீட்டினார்.

"இப்ப சொல்லு. சீமைக்காரன் செஞ்சதை நம்ம கை செஞ்சிச்சா இல்லையா?"

"சீமைக்காரன் எங்க ஆசாரி செஞ்சான்? அவன் நட்ட தூணெல்லாம் படத்தோட மறுபாதியில, அடுத்த பக்கத்துல இருந்திச்சு. துரைசாணி பாக்கறதுக்கு முன்னயே நான் அதைக் கிழிச்சுக் கருவாடு மடிச்சுட்டேன்."